பல்லறைப் பாட்டு வழங்கல் திட்டம், மரக்காணம்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிப் போகிற சாலையில், புதிதாகக் கட்டிய ஐந்து அறை வீட்டில் குடியிருக்கும் திருமதி வசந்தா பக்தவச்சலம் அவர்கள், சென்ற மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தம் கணவரிடம் ஒரு கோரிக்கை வைத்தார். வீட்டில் எந்த அறையில் வேலை பார்த்தாலும் அங்கே பாட்டுக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. இதைவிடச் சின்ன ஆசையை நான் என் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கோரிக்கை போய்ச் சேர்ந்த இடம் அப்படி. திரு. பக்தவச்சலம் உப்புத் தர ஒழுங்குமுறை வட்ட அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். உப்பு உப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. ஒரு லாரி உப்பு உப்புதான் என்று சான்று வாங்க ஏழு மாதம் ஆகும். அதற்குள் ஐப்பசி மழை வந்து உப்பு கரைந்துவிடும். கரைந்த பொருளுக்குச் சான்று அவசியமில்லை என்று எழுதிக் கோப்பை முடித்துவிடுவார்கள். இப்படி அவர் முடித்த கோப்புகள் ஏராளம்.

நான் யார் என்று கேட்பீர்கள். அந்த அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அந்த அலுவலகத்தைத் திட்டாத நாள் எனக்கு இல்லை. அதனால் பிழைக்காத நாளும் இல்லை. அன்றைக்கு ஏதோ நகல் கொடுக்கப் போனவனை உட்கார வைத்து, வசந்தா அக்கா இரண்டு தோசை போட்டார். அதனால் கோரிக்கையை நேரில் கேட்ட ஒரே சாட்சி நான்தான்.

"வாயால சொன்னா எப்படி? எழுதிக் குடு," என்றார் பக்தவச்சலம் சார்.

அக்கா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார்.

"முப்பத்திநாலு வருஷமா, ஃபைல் பாக்குறேன் சத்தம் வேணாம்னு ரேடியோவ அமத்தி வெச்சீங்க. இப்ப ஃபைலும் இல்ல. நம்ம பொண்ணு நிவேதாவும் கல்யாணம் ஆகி மெட்ராஸுக்குப் போயிட்டா. இத்தாம் பெரிய வீட்டுல காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நான் கரண்டி சத்தத்தத்தான் கேட்டுக்கினு கெடக்குறேன். ஒரு பாட்டு கூடவே வந்தா, ஆள் கூட இருக்குற மாதிரி இருக்கும்ங்க."

பக்தவச்சலம் சாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கல்நெஞ்சக்காரர் என்று மட்டும் சொல்லக் கூடாது. அவர் கண் கலங்கியது. நான் பார்த்தேன். கலங்கிய கண்ணோடு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கமிட்டி போட்டுடலாம் வசந்தா."

கமிட்டி அன்று மாலையே போடப்பட்டது. தலைவர், பக்தவச்சலம் சார். தொழில்நுட்ப உறுப்பினர், பக்கீர் முஹம்மது பாய். பத்தொன்பது வருடம் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, ஈ.சி.ஆரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர். நவநாகரிக உறுப்பினர், அக்காவின் அண்ணன் மகன் வெற்றிச்செல்வன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பதால் அவனிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். செயலர் நான். எதற்கும் நாலு காப்பி எடுக்க ஆள் வேண்டுமே.

வசந்தா அக்காவைக் கமிட்டியில் சேர்க்கவில்லை. பயனாளியே உறுப்பினராக இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று தலைவர் விளக்கினார். எங்கள் நடுநிலைக்கு அக்கா டீயும் வெங்காய பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார்.

முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம் அக்காவின் செல்போனைப் பற்றியது. அதுவரை அக்கா, மிளகாய்த்தூள் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து ஏதோ ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த அறைக்குப் போனால் கேட்காது என்பதுதான் குறை.

"இது உடனே நிறுத்தப்படணும்," என்றார் தலைவர்.

"ஏன் சார்?" என்றேன்.

"தற்காலிக ஏற்பாடு நடந்துக்கிட்டு இருந்தா, நிரந்தர ஏற்பாட்டுக்கு அவசியமே இல்லன்னு ஆயிடும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?"

"யாருங்க வந்து கேக்கப் போறா?" என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டார்.

"பாத்தீங்களா? கேள்வி வந்துடுச்சு," என்றார் தலைவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று முதல், எல்லா அறையிலும் பாட்டு வரும்வரை, எந்த அறையிலும் பாட்டு இல்லை என்று ஆனது.

அடுத்து, அறை என்றால் என்ன என்று வரையறுத்தோம். நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு கதவு உடையது அறை. இதன்படி கூடம், படுக்கையறை, பூஜையறை, சாமான் அறை, சமையலறை ஆகிய ஐந்தும் தேறின. தோட்டத்துத் துவைக்கிற கல் தேறவில்லை.

"பாதி நாளு நான் அங்கதான நிக்கிறேன்?" என்றார் அக்கா.

"அதுக்குக் கூரை இல்ல. கூரை இல்லாத எடத்துக்குப் பாட்டு குடுக்கறதும் ஊருக்கே குடுக்கறதும் ஒண்ணு. அவ்வளவு அதிகாரம் எனக்குக் கிடையாது."

பிறகு விலைப்புள்ளி. மூன்று கடையிலிருந்து வாங்குவது மரபு. இந்த மாதிரிப் பொருள் விற்கும் கடை பக்கத்தில் பக்கீர் பாயுடையது ஒன்றுதான். பாய் ஒரு நிமிடம் யோசித்தார். துபாய் அனுபவம் வீண் போகவில்லை. தன் பெயரில் ஒன்று, மனைவி சைத்தூன் பீவி பெயரில் ஒன்று, மகன் முஹ்சின் பெயரில் ஒன்று என்று மூன்றையும் கொடுத்துவிட்டார். மூன்றையும் அடித்துக் கொடுத்தது என் கடையில்தான். மூன்றையும் தலைவர் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, முறைகேடு எதுவும் இல்லை என்று சான்றளித்தார். குறைந்த விலை சைத்தூன் பீவியுடையதாக இருந்தது. விதிப்படி போன் செய்து பொருள் இருப்பில் உள்ளதா என்று கேட்டோம்.

"என்னா பொட்டி? அடுப்புல மீன் கெடக்குது, வெய்யிங்க," என்றார் சைத்தூன் பீவி.

"நிறுவனம் சுறுசுறுப்பா இயங்குது," என்று தலைவர் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

எதை வாங்குவது என்பதில்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். பாய் கொண்டுவந்த ரவுட்டருக்கு எட்டுக் கொம்பு இருந்தது. தலைவருக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எட்டு ஆள் இருக்கிற செக்‌ஷன் மாதிரி இருக்கிறது என்றார். வெற்றிச்செல்வன் உதட்டைச் சுழித்தான்.

"கொம்பெல்லாம் பழைய ஃபேஷன் மாமா. இப்ப ரவுட்டர் ரவுட்டர் மாதிரி இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் ஸ்பீக்கர் மாதிரி இருக்கக் கூடாது."

"வேற எப்படி இருக்கணும்?"

"ஊறுகா ஜாடி மாதிரி. பூந்தொட்டி மாதிரி. வந்தவங்க பாத்துட்டு, பாட்டு எங்கேருந்து வருதுன்னு தேடணும். அதுதான் டேஸ்ட்டு."

"அப்ப ஊறுகா ஜாடி எது மாதிரிப்பா இருக்கணும்?" என்று அக்கா கேட்டார். அது குழுவின் வரம்புக்குள் வராத கேள்வி என்பதால் பதில் தரப்படவில்லை.

வெற்றிச்செல்வனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இத்தனை வருடமாக அக்கா கேட்டதெல்லாம் பாட்டே இல்லையாம். அமுக்கி அனுப்பிய பாட்டாம். அசல் பாட்டில் பாடகி மூச்சு விடுவது, தபேலாக்காரர் மோதிரம் உரசுவது, எல்லாம் கேட்குமாம்.

"அத்தை, நீங்க கேட்டதுல முக்காவாசி காணாம போயிருக்குது."

"எனக்கு அழுகையெல்லாம் சரியாத்தான்பா வந்துச்சு," என்றார் அக்கா.

ரவுட்டர் என்றால் என்ன என்று தலைவருக்கு வெற்றிச்செல்வன் விளக்கிய நாள்தான் திட்டத்தின் தலையெழுத்தை மாற்றியது.

"நெட்டு ஒரு எடத்துக்கு வருது மாமா. அங்கேருந்து ரவுட்டர் அத பிரிச்சி எல்லா ரூமுக்கும் அனுப்புது."

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உப்புத் தண்ணி மாதிரின்னு சொல்லு! மோட்டார் எறைக்குது, வாய்க்கால்ல ஓடுது, பாத்தி பாத்தியா பிரியுது."

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

அந்தக் 'கிட்டத்தட்ட'தான் எங்களைக் கெடுத்தது. பக்தவச்சலம் சார் முப்பத்து நான்கு வருடம் ஜீப்பில் உட்கார்ந்தபடியே உப்பளம் பார்த்தவர். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ரவுட்டர் வீட்டிலேயே உயரமான இடத்தில், அதாவது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல், இருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. எட்டுக் கொம்பில் ஆறைத் தலைவர் தம் கையாலேயே கீழ்நோக்கி வளைத்துவிட்டார். இரண்டை மட்டும் மேலே விட்டார். காற்றில் ஏதாவது வந்தால் அதுவும் கிடைக்கட்டும் என்று.

ஒரு பாத்திக்குத் தண்ணீர் விடும்போது மற்றப் பாத்தியின் மடையை அடைப்பார்கள் அல்லவா? அதேபோல ஓர் அறைக்குச் சிக்னல் விடும்போது மற்ற அறைகளின் கதவைச் சாத்த வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. திறந்து கிடந்தால் சிக்னல் வடிந்துவிடுமாம். திங்கள் கூடம், செவ்வாய் படுக்கையறை என்று முறை போட்டு, வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டினோம். பாய் ஒரு தடவை முணுமுணுத்தார்.

"சார், துபாயில எங்கயும் கதவ சாத்தி நான் பாக்கலயே."

"துபாயில உப்பளம் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

பாய் எழுந்து போய்ச் சாமான் அறைக் கதவைச் சாத்தினார். இதற்குப் பதில் உங்களுக்கும் தெரியாது.

பதினோரு நாள் கழித்து மாடிக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பியையே இரண்டு வருடத்தில் தின்றுவிடும். ரவுட்டரின் கொம்புகளில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்திருந்தது. விளக்கு ஒன்றும் எரியவில்லை. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் மட்டும் குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு பூத்துடுச்சு," என்றார் பரவசமாக. "பாத்தியில உப்பு பூத்தா என்ன அர்த்தம்? விளைச்சல் ஆயிடுச்சுன்னு அர்த்தம். ஓட்டம் நல்லா இருக்குது."

முதற்கட்டப் பணி வெற்றி என்று அறிக்கை எழுதி நாலு காப்பி எடுத்தேன். பஜ்ஜி சூடாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில், அறைக்கு ஒன்றாகச் சிக்னல் தரும் ஐந்து வெள்ளைப் பெட்டியும், ஊறுகாய் ஜாடி போன்ற ஐந்து ஸ்பீக்கரும் வாங்குவது என்று முடிவானது. பாத்திக்குப் பாத்தி சின்ன மோட்டார் வைக்கிற மாதிரி என்று வெற்றிச்செல்வன் சொன்னதும் தலைவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவனும் தேறிவிட்டான்.

இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம், அக்காவுக்குப் பிடித்த பாட்டு எது என்று யாராவது கேட்டீர்களா? கேட்டோம். அக்கா கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பதினொரு பாட்டு எழுதிக் கொடுத்தார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"இதுல நாலு சோகப் பாட்டு இருக்குது."

"ஆமாங்க. அதுதான் ரொம்ப நல்லாருக்கும்."

"சமையக்கட்டுல சோகப் பாட்டு ஓடுனா கண்ணு கலங்கும். கண்ணீர் கொழம்புல விழும். கொழம்புல உப்பு கூடும். உப்பு கூடுனா அது எங்க ஆபீஸ் விவகாரம். மேலிடத்துல அபிப்பிராயம் கேக்காம நான் எப்படி ஒப்புதல் குடுக்கறது?"

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே?"

"அதனாலதான் அதிக ஜாக்கிரதையா இருக்கணும்."

பட்டியல் பரிசீலனைக்குப் போனது. அதனால் இரண்டாம் கட்டச் சோதனைக்கு, கருவியோடு கூடவே வந்த 'மாதிரி ஒலி'யைப் போட்டோம். எட்டு வினாடி. டிங், டிங், டொய்ங். முடிந்ததும் மறுபடி டிங், டிங், டொய்ங்.

கூடத்தில் கேட்டது. சமையலறையிலும் கேட்டது. ஆனால் கூடத்தில் டொய்ங் ஆன பிறகுதான் சமையலறையில் டொய்ங் ஆனது. அரை வினாடி வித்தியாசம். நடையில் நின்றால் இரண்டும் சேர்ந்து, யாரோ தட்டை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"லேக் ஆகுது மாமா," என்றான் வெற்றிச்செல்வன்.

தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடையில் இரண்டு தடவை நடந்தார். "கூடத்துல மொதல்ல வருது. அப்ப அதுதான் அசல். சமையக்கட்டுல பின்னாடி வருது. அப்ப அது நகல்."

"சரிங்க சார்," என்றேன். நகல் என்றதும் எனக்கு ஒரு தெம்பு வந்துவிடும்.

"நகல் செல்லணும்னா அத யாராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போடணுமே?"

போட்டோம். நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் போட்டோம். கூடத்தில் ஒலி கேட்டதும் தலைவர் மணி அடிப்பார். சமையலறையில் ஒலி கேட்டதும் நான், 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு சீட்டில் முத்திரை குத்தி அக்காவிடம் கொடுப்பேன். எட்டு வினாடிக்கு ஒரு சீட்டு. ஒரு மணி நேரத்தில் அக்கா அடுப்பு மேடையில் வெண்டைக்காய் நறுக்க இடம் இல்லை. அக்கா அந்தச் சீட்டையெல்லாம் வாரி வெந்நீர் அடுப்பு பற்ற வைக்க எடுத்துப் போனபோது, அவர் முகத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் உறுத்தியது. மாசியில் கேட்ட பெண்ணுக்குச் சித்திரை பிறந்தும் ஒரு பாட்டு வரவில்லை. இருந்த போனையும் பிடுங்கியாகிவிட்டது. உறுத்தியது என்று சொன்னேனே தவிர, முத்திரையை நிறுத்தினேன் என்று சொல்லவில்லை.

கடைசியில் வெற்றிச்செல்வனே ஒரு வழி சொன்னான். வயர்லெஸ் கருவி நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவில் வயர் இழுத்துவிட வேண்டும்.

"வயர்லெஸ்ஸுக்கு வயரா?" என்றார் பாய்.

"உசத்தியான வயர்லெஸ்ஸுக்கெல்லாம் வயர்தான் பாய்."

புது வீட்டுச் சுவரில் இருபத்தேழு ஓட்டை போட்டார்கள். அக்கா பெருக்கினார். வயர் ஓடியது. வைகாசி பிறந்து நாலாம் நாள், காலை பதினோரு மணிக்கு இறுதி ஒத்திசைவுச் சோதனை என்று நாள் குறித்தோம். மாவிலைத் தோரணம் கட்டினார்கள். பாய் புதுச் சட்டை போட்டு வந்தார்.

தலைவர் நடைமுறையை வாசித்தார். ஒவ்வோர் அறையிலும் ஒரு கண்காணிப்பு அலுவலர். கூடத்தில் தலைவர். படுக்கையறையில் வெற்றிச்செல்வன். சாமான் அறையில் பாய். பூஜையறையில் நான். சமையலறை பயனாளியின் பொறுப்பு. செல்போன்கள் சிக்னலைக் குடித்துவிடும் என்பதால் எல்லாப் போனும் ஒரு அண்டாவில் போடப்பட்டுச் சமையலறையில் வைக்கப்படும். சிக்னல் வடியாமல் இருக்க எல்லாக் கதவும் சாத்தப்படும். சோதனை முடிந்தது என்று முறைப்படி அறிவிக்கும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது.

"பாட்டு?" என்றார் அக்கா. கேட்டபோது அவர் குரலில் ஆசை இருந்தது. காலையிலேயே குளித்து, பூ வைத்திருந்தார்.

"பட்டியல் இன்னும் வரல. மாதிரி ஒலிதான்."

அக்கா தலையிலிருந்த பூவைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். பிறகு, "சரிங்க, உள்ள போங்க," என்றார்.

போனோம். வெற்றிச்செல்வன் ஒலியைப் போட்டுவிட்டுப் போனை அண்டாவில் வைத்தான். அக்கா ஒவ்வொரு கதவாக வந்து சாத்தினார். கடைசியாக, நடைக் கோடியில் வாசல் கதவையும் சேர்த்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. டிங், டிங், டொய்ங்.

என்ன சொல்ல! நாலு அறையிலும் ஒரே நொடியில், ஒரு நூல் பிசகாமல், டிங், டிங், டொய்ங். சுவருக்கு அந்தப் பக்கம் பாய், "மாஷா அல்லா!" என்று கத்தினார். வெற்றிச்செல்வன் விசில் அடித்தான். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மூன்று மாத உழைப்பு அல்லவா?

அரை மணி நேரம் சிலிர்ப்பு இருந்தது. பிறகு டிங் மட்டும் இருந்தது.

"சார், முடிச்சிக்கலாமா?" என்று கத்தினேன்.

"சமையக்கட்டு அறிக்கை வரல. வசந்தா! வசந்தா! கேக்குதா?"

டிங், டிங், டொய்ங்.

"கேக்குதான்னு கேட்டா, கேக்குதுன்னு சொல்ல மாட்டேங்குறா. குறிச்சிக்கோங்க."

பூஜையறையில் குறித்துக்கொள்ள விபூதித் தட்டின் கீழே ஒரு பஞ்சாங்கம் இருந்தது. அதன் ஓரத்தில் குறித்தேன். ஒரு மணி ஆனது. சாமிக்கு வைத்திருந்த இரண்டு வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

"ஜெராக்ஸ்காரரே," என்று சாமான் அறையிலிருந்து பாய் குரல் கொடுத்தார். "தொழுகைக்கு நேரமாச்சு. மேக்கு எந்தப் பக்கம்?"

"கடலுக்கு எதிர்ப் பக்கம் பாய்!"

"அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகத்தணும். நகத்திக்கிறேன்."

"மூட்டைய நகத்தலாம், கதவைத் திறக்கக் கூடாது," என்றார் தலைவர் கூடத்திலிருந்து.

டிங், டிங், டொய்ங். ஒலியை நிறுத்துகிற போன் அண்டாவில் இருந்தது. அண்டா சமையலறையில் இருந்தது. வெற்றிச்செல்வன் இரண்டு மணிக்கு மேல் அழுதான் என்றே நினைக்கிறேன். அது அமுக்கப்படாத, முழுமையான ஒலியாக எனக்குக் கேட்டது.

"மாமா, வெளிய வந்துடட்டுமா?"

"ஆணை இல்லாம எப்படிப்பா வருவ?"

"ஆணையை நீங்கதான மாமா குடுக்கணும்?"

"சமையக்கட்டு அறிக்கை இல்லாம நான் எப்படிக் குடுக்கறது?"

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று நான் வெகு நேரம் தேடினேன். ஒவ்வொரு படியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மூன்று மணி இருக்கும். வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். கூடவே, சன்னமாக ஒரு பாட்டு. அக்கா பாடிக்கொண்டே வந்தார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பதினொன்றில் ஒன்று, சோகப் பாட்டு. ஆனால் சந்தோஷமாகப் பாடினார்.

"வசந்தா! எங்க போயிருந்த?" கூடத்தில் தலைவர் எழுந்து நிற்காமலே கேட்டார் என்று, எட்டிப் பார்த்த அக்கா பின்னால் சொன்னார். இருக்கையை விட்டு எழுவதும் சோதனை விதியில் இல்லையாம்.

"பாண்டிக்குப் போயிட்டு வர்றேன்."

"பாண்டியில என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. வாசல்ல நின்னேன், பஸ்ஸு வந்துச்சு, உள்ள பாட்டு ஓடிச்சு, ஏறிட்டேன். டிரைவர் சீட்டுலேருந்து கடைசி சீட்டு வரைக்கும் ஒரே பாட்டு. ஒரே நேரத்துல. எல்லாம் பழைய பாட்டுங்க! கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது எனக்குப் புடிச்சதே வந்துச்சு. பக்கத்துல ஒரு மீன்காரம்மா, நானு, அவங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாடுனோம். பாண்டி வந்துடுச்சு, எறங்குங்கன்னான் கண்டக்டர். எறங்கி, மூஞ்சி கழுவிட்டு, திரும்பவும் அதே பஸ்ஸுல ஏறிக்கிட்டேன்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு நாங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். சாமான் அறையிலிருந்து பாய் கேட்டார்: "என்ன கம்பெனி ஸ்பீக்கரு தங்கச்சி?"

"அமுக்காத பாட்டா அத்தை, லாஸ்லெஸ்ஸா?" என்று ஈனக் குரலில் படுக்கையறை கேட்டது.

"அதெல்லாம் தனியா ஆராயலாம்," என்றார் தலைவர். "வசந்தா, நீ மொதல்ல அவங்க கதவையெல்லாம் திறந்து விடு. நாலு மணி நேரமா அடைஞ்சு கெடக்குறாங்க."

"எதத் திறக்குறது? நான் சும்மா சாத்திட்டுத்தான போனேன். ஒரு கதவுக்கும் தாழ்ப்பா போடல. தள்ளுனா திறக்கும்."

டிங், டிங், டொய்ங்.

நான் பூஜையறைக் கதவில் ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். திறந்தது. சத்தம்கூடப் போடவில்லை. வெளியே வெயில், நடையில் அக்காவின் கூடை, கூடையில் பாண்டி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மல்லிப்பூ, எல்லாம் தெரிந்தது. ஒரு காலை வெளியே எடுத்து வைத்தேன். அப்போதுதான் தோன்றியது: தலைவர் இன்னும் அறிவிக்கவில்லை. நான் முதல் ஆளாக வெளியே நின்றால் சோதனை கெட்டது என்னால்தான் என்று ஆகாதா? காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினேன். சாமான் அறைப் பக்கம் ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வது கேட்டது. படுக்கையறைப் பக்கம் இன்னொன்று.

"மூணே கால் பஸ்ஸுக்கும் போறேன்," என்றார் அக்கா. "சோறு மேடை மேல இருக்குது. வேணும்ங்கறவங்க வந்து போட்டுக்கோங்க."

மறுபடி செருப்பு மாட்டுகிற சத்தம். வாசல் வரை அந்தப் பாட்டு போயிற்று.

"செயலர் அவர்களே," என்றார் தலைவர், "கதவைத் திறப்பது சம்பந்தமா ஒரு வரைவுத் தீர்மானம் எழுதிக்கோங்க. பொருள்: கதவு."

பஞ்சாங்கத்தில் வெள்ளையாக ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. எழுத ஆரம்பித்தேன்.